சங்க மலரில் ஒரு வரி

7 ஜனவரி 1969

நெசவாளர் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்கு என்னைக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார் தலைவர் கோதண்டபாணி. சில்க் என்ற ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது? விடையையும் அவரே சொல்லிவிட்டார். "நம்ம சீலைதாம்மா கப்பல்ல போயி சில்க் ஆயிருக்குது. எழுதிக் குடு. விழா முடிஞ்சதும் உன் வேலய பர்மனென்ட் பண்ணிடறேன்."

மூன்று வருடமாகத் தற்காலிக டைப்பிஸ்ட் நான். தில்லையம்மாள், பி.ஏ. என்று அச்சில் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது.

11 ஜனவரி

நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டினேன். பழைய ஆங்கிலத்தில் சியோலொக். அதற்கு முன் லத்தீனில் செரிகும். அதற்கும் முன் கிரேக்கம் — பட்டு எந்தக் கிழக்கு நாட்டாரிடமிருந்து வந்ததோ அவர்களைக் கிரேக்கர்கள் சேரெஸ் என்றார்களாம். சீனர்களாக இருக்கலாம். நடுவில் ரகரம் எங்கே லகரமாயிற்று? உறுதியாகத் தெரியவில்லை என்று அகராதியே ஒப்புக்கொள்கிறது. அவ்வளவு தடித்த புத்தகத்துக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமில்லை. எங்கள் தலைவருக்குத்தான் எல்லாம் தெரியும்.

சீலை எங்கும் இல்லை.

17 ஜனவரி

படித்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். "உனக்குத் தமிழ்ப்பற்றே இல்லியா?" என்று கத்தினார். எனக்கா இல்லை? பொய் சொல்லிப் பெருமை தேடித் தர வேண்டிய நிலையிலா இருக்கிறது தமிழ்? மாத்த மாட்டேன். என்ன பண்ணிடுவாரு?

2 பிப்ரவரி

மாற்றிவிட்டார். சீலைதான் சில்க் ஆயிற்று என்ற கடைசி வரி அவருடையது, கீழே பெயர் என்னுடையது. ஐந்நூறு மலர்கள் கட்டுக்கட்டாக வந்திருக்கின்றன. பிரித்து அடுக்குவது என் வேலை. உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் என் பெயரைப் பேனாவால் அடித்தேன். விரல் வீங்கிப்போச்சு. போகட்டும்.

9 பிப்ரவரி

விழா. நெசவாளர் முனிரத்தினம் மலரைத் தூக்கிக் காட்டி, "உன் பேர ஏம்மா அடிச்சி வெச்சிருக்குது?" என்று கேட்டார். மேடைக்குக் கீழே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், சீனா வரைக்கும். முனிரத்தினம் சிரித்துவிட்டு மேடையிலிருந்த தலைவரைப் பார்த்தார். "நூலு பெங்களூர்லேர்ந்து வருது, சரிகை சூரத்துலேர்ந்து வருது. அதுக்காக நாம நெய்யற பொடவ நம்புளது இல்லன்னு ஆயிடுமா? சில்க்குன்ற பேரும் எங்கேர்ந்தோ வரட்டும் தலைவரே!"

கூட்டம் கை தட்டியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

28 பிப்ரவரி

புது டைப்பிஸ்ட் வந்தாயிற்று. அலமாரிச் சாவியைக் கொடுத்தேன்.

"ஒரு வரிக்காக வேலய தொலச்சிக்கினியேம்மா" என்றார் தலைவர்.

"ஒரு வரிதானே சார், நீங்க உட்டிருக்கலாமே."

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. செவிலிமேடு பஸ் வந்துவிட்டது.