பாட்டுக்கு நடுவே ஒரு சல்யூட்

10.8.2003, ஞாயிறு

ஆடித் திருவிழாவுக்கு அம்மன் கோயில் முன்னால் இன்று சாயங்காலம் கச்சேரி. பழைய டூயட் ஒன்றை ஆரம்பித்த பாடகர், "வயசான ஜோடிங்கல்லாம் வந்து ஆடுங்க" என்று மைக்கில் கூப்பிட்டார். நாலைந்து ஜோடி இறங்கியது. நானும் வெட்கத்தை விட்டு என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போனேன். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் ஊர் பார்க்க இவர் என் கையைப் பிடித்தது இன்றுதான். நன்றாகத்தான் ஆடினார். சிரிக்கக்கூடச் சிரித்தார்.

அப்போது தெருவில் ஒரு வெள்ளைக் கார் ஹாரன் அடித்தது. வழி கேட்க நின்ற யாரோ. இவர் சட்டென்று என் கையை உதறிவிட்டு, விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். ஊரே சிரித்தது.

"இன்னாய்யா இது? இது இன்னா கம்பெனி வாசலா?" என்றேன்.

"ஆரன் சத்தம் கேட்டுச்சுடி. கை தானா போயிடுச்சு."

எங்கள் நிலத்தில் கம்பெனி வந்து, அதன் வாசலிலேயே இவர் வாட்ச்மேனாகி ஆறு வருஷம் ஆகிறது. அங்கே நெல் விளைந்த காலத்தில் இந்தக் கை யாருக்கும் எழுந்ததில்லை.

பாட்டு இன்னும் முடியவில்லை. வா என்று மறுபடி கையை நீட்டினேன். இவர் தன் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

இப்போதும் அந்தக் கையை உடம்புக்கு அடியில் அமுக்கிக்கொண்டுதான் படுத்திருக்கிறார்.