அஸ்மத்துன்னிசா பேசினால் ஊமையாகும் ஸ்பீக்கர்

7 மார்ச் 1949, திங்கள்

ஆண் பேசினால் பேசுகிற ஸ்பீக்கர், பெண் பேசினால் மட்டும் ஏன் ஊமையாகிறது? எனக்குத் தெரியவில்லை. பௌதிகத்தில் பட்டம் வாங்கி, அதையே இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தவள் எழுதுகிற வாக்கியமா இது?

வரும் ஞாயிறு எங்கள் குழு சார்பில் மீர்சாகிப்பேட்டையில் அம்மை குத்துகிறோம். குத்தப்போவது லேடி டாக்டர். அதைப் பெண் குரலில் சொன்னால்தான் திரை மறைவில் வாழும் கோஷாப் பெண்கள் நம்புவார்கள். போன வருஷம் ஆண் குரல் கேட்டதுமே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினார்கள். ஆகவே மைக் செட் வாடகைக்கு விடும் கலீமுல்லாவின் காரில் (கூரையில் குழாய் ஸ்பீக்கர், பின் சீட்டில் மைக்) அஸ்மத்துன்னிசாவை ஏற்றினோம். வீட்டில் சிறுமிகளுக்கு உருது சொல்லித்தருகிறவள். தமிழும் நன்றாகப் பேசுவாள். ஜன்னலுக்குத் திரை கட்டினால் போகலாம் என்று அவள் அண்ணன் சம்மதித்திருக்கிறார்.

முதல் தெரு தாண்டவில்லை, ஸ்பீக்கர் நின்றுவிட்டது. அவள் தெரிந்த வீட்டில் இறங்கிக்கொண்டாள். கலீமுல்லா பின் சீட்டில் ஏறி ஹலோ ஹலோ என்றார், ஊரே கேட்டது. மறுபடி அவள் ஏறினாள். மறுபடி மௌனம்.

"மிஷின் நல்லாத்தான் கீது டீச்சரம்மா. நான் பேசுனா பேசுது, ஆபா பேசுனா வாய மூடிக்கிது. நான் இன்னா பண்றது?" என்கிறார் கலீமுல்லா. (ஆபா என்றால் உருதுவில் அக்கா.)

8 மார்ச், செவ்வாய்

குழுக் காரியதரிசி சுவாமிநாதன் மயிலாப்பூரிலிருந்து இதற்கென்றே வந்தார். ஒரு சிட்டிகை மூக்குப்பொடி இழுத்துத் தும்மிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். "பொம்மனாட்டி குரல் கீச்சுனு இருக்கும், மிஷின் தாங்காதுன்னு அப்பவே சொன்னேனோல்லியோ?" சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் கலீமுல்லாவே பேசட்டும் என்கிறார். அப்படியானால் அஸ்மத் வீட்டோடு. ஞாயிறன்று பெண்களும் வீட்டோடு. வெயிலும் ஏறிவிட்டது, பக்கத்துப் பேட்டையில் ஒரு வீட்டில் அம்மை கண்டிருக்கிறது.

அவர் சொன்னதை நான் பாதி நம்பினேன் என்பதுதான் அவமானம். சாயங்காலம் அஸ்மத்தைக் கட்டைக் குரலில் பேசப் பழக்கினேன். "மிஸ், இதக் கேட்டா புள்ளைங்களோட சேர்ந்து அம்மாங்களும் ஓடிடுவாங்க" என்றாள். சிரித்துவிட்டேன்.

9 மார்ச், புதன்

கட்டைக் குரலும் எடுபடவில்லை.

10 மார்ச், வியாழன்

காரை சாந்தோமுக்கு, என் வீட்டுக் காம்பவுண்டுக்கே வரவழைத்தேன். கலீமுல்லாவை டீக்கடைக்கு அனுப்பிவிட்டு, நான் பேசினேன், கேட்டது. அஸ்மத் தன் சொந்தக் குரலில் பேசினாள். அதைவிட நன்றாகவே கேட்டது. மீன் விற்கிற தாயம்மா கூடையோடு உள்ளே வந்து, இனாமாக என்ன தருகிறீர்கள் என்று விசாரித்தாள். ஆக, குரல் நிரபராதி.

பிறகு எது? ஓட்டத்தில் குலுங்குவதால் இணைப்பு விடுகிறது என்றார் கலீமுல்லா. எல்லா இணைப்பையும் பிரித்து முறுக்கிக் கட்டினார். மைக்கை முன் சீட்டில் வைத்துக் கடற்கரைவரை கத்திக்கொண்டே ஓட்டிப் போய்த் திரும்பினார். ஒரு தடவைகூட அறுபடவில்லை.

11 மார்ச், வெள்ளி

அஸ்மத் கறி சமோசா கொடுத்தனுப்பியிருந்தாள். தவக்கால வெள்ளி, நான் கறி தொடமாட்டேன். பூனைக்கு நல்ல நாள்.

பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது பாதியில் தோன்றியது. வேலை செய்யும்போதெல்லாம் பார்த்திருக்கிறோம். கெடுகிறபோது பார்த்தவர் யார்? அவள் உள்ளே இருக்கும்வரை கலீமுல்லா பின்னால் திரும்புவதே இல்லை. அவள் இறங்கிப் போன பிறகுதான் திரையைத் தொடுகிறார். அதுதான் மரியாதை, சரி. ஆனால் ஸ்பீக்கரும் அதற்குள் சரியாகிவிடுகிறதே!

நாளை நான் அவள் பக்கத்தில் உட்காரப்போகிறேன்.

12 மார்ச், சனி

கிடைத்துவிட்டது!

கார் கிளம்பியது, அவள் பேசினாள், கேட்டது. தெரு திரும்பியதும் காற்றில் திரை தூக்கியது. பேச்சை நிறுத்தாமலே துப்பட்டாவிலிருந்து ஊக்கைக் கழற்றி, திரையின் ஓரத்தை ஜன்னல் கம்பத்தோடு சேர்த்துக் குத்தினாள். மேலே குழாய் அடங்கியது.

திரையை விலக்கிப் பார்த்தேன். அந்தக் கம்பத்தை ஒட்டித்தான் ஸ்பீக்கர் வயர் கூரைக்கு ஏறுகிறது. மேலே நூல் பின்னிய பழைய வயர். அவள் அதைத் திரைக்காகக் கட்டிய கயிறு என்றே நினைத்திருக்கிறாள். "அதுல குத்தினா நல்லா நிக்குது மிஸ்." நிற்கும்! உள்ளே இருக்கும் இரண்டு கம்பியையும் ஊக்கு துளைத்து ஒன்று சேர்த்துவிட்டது. மின்சாரம் ஸ்பீக்கர்வரை போகாமல் ஊக்கு வழியாகவே திரும்பிவிடுகிறது. இறங்கும்போது ஊக்கு மறுபடி துப்பட்டாவுக்குப் போய்விடும். அப்புறம் கலீமுல்லா எதைக் கண்டுபிடிப்பார்?

முன் சீட்டிலிருந்து திரும்பாமலே கேட்டுக்கொண்டிருந்தவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஸ்பீக்கரு கழுத்துலயே குத்திட்டீங்களே ஆபா."

அவள் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளோ என்று பயந்தேன். சிரிப்பு. வயரை மறுபக்கம் மாற்றிக் கட்டிய பிறகு, பொழுது சாயும்வரை ஒரு சந்து விடவில்லை.

சுவாமிநாதனுக்குச் சொல்லி அனுப்பினேன். பெண்கள் வருவார்களா? அதை நாளைக்குத்தான் எழுத முடியும்.

13 மார்ச், ஞாயிறு

காலைக் கடைசிச் சுற்றில் சுவாமிநாதனும் முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

வந்தார்கள். குழந்தை, நாத்தனார், மாமியார் என்று குடும்பத்தோடு வந்தார்கள். மத்தியானத்துக்குள் அம்மைப்பால் மருந்து தீர்ந்துவிட்டது. மீதிப் பேர் நாளை வாருங்கள் என்று சுவாமிநாதன் மைக்கை வாங்கிச் சொன்னார், ஒருத்தியும் நகரவில்லை. அதையே அஸ்மத் சொன்னாள், கலைந்தார்கள்.

சுவாமிநாதன் டப்பியைத் திறந்து ஒரு சிட்டிகை பொடி போட்டுக்கொண்டார். பிறகு திரைப் பக்கம் பார்க்காமல் கலீமுல்லாவிடம், நாளைக்கும் அந்த அம்மாளே வருவாளா என்று கேட்கச் சொன்னார்.

அஸ்மத் மெதுவாகத்தான் பதில் சொன்னாள். ஆனால் மைக் அணைக்கப்படவில்லை. "வர்றேன்னு சொல்லுங்க பாய். ஆனா அந்தப் பொடி போடறவரு மட்டும் கார்ல ஏற வேணாம். அவரு தும்மல்ல நான் சொல்றது ஒண்ணுமே கேக்கல."

ஓர் எழுத்து விடாமல் தெருக்கோடிவரை கேட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். சுவாமிநாதன் பொடி டப்பியை மடியில் செருகினார்.

"நான் நடந்தே வந்துடறேன்னு சொல்லும்" என்றார்.