கண்ணாடி போகாத கார்

12.09.2009, சனி

இன்னும் நெஞ்சு கொதிக்குது. ஏறாவூர் பாறூக் காக்காட ஸ்போர்ட்ஸ் காரை மூணு கிழமையா என்ட கராஜில வச்சு வேலை செஞ்சன். பதுளை மலை வளைவில சாயாம ஓடணும் எண்டார். வளைவெல்லாம் எப்படி எண்டு கையை வளைச்சு வளைச்சுக் காட்டினார். ஸ்பிரிங்கை மாத்தி, காரை ரெண்டு இஞ்சு கீழ பதிச்சன்.

இண்டைக்கு ரெண்டு பேரும் ஓடிப் பார்க்கப் போனம். பதுளை ரோட்டில கரடியனாறு தாண்டுறதுக்கு முதலே செக்பொயின்டில ஆமிக்காரங்க மறிச்சாங்க. வாகனத்துக்குக் கீழ பிடிச்சுப் பார்க்கிற கண்ணாடி எங்கட காருக்குக் கீழ போகல்ல. அவ்வளவுதான்!

"ஏன் பதிச்சது? கீழ என்ன ஒளிச்சது?" எண்டான் ஒருத்தன்.

வளைவில சாயாம இருக்கத்தான் எண்டன். அவன் ரோட்டைப் பார்த்தான். ரெண்டு பக்கமும் வயல் வட்டை, நடுவில நேர் ரோடு.

"எங்க வளைவு?" எண்டு சிரிச்சான்.

ஜக் அடிச்சுக் காரைத் தூக்கி, கொதிக்கிற தார் ரோட்டில நான் மல்லாந்து படுத்து ஒவ்வொரு நட்டையும் தொட்டுக் காட்டினன். பஸ்ஸில போன சனமெல்லாம் எட்டிப் பார்த்தது. கடைசியில திரும்பிப் போகச் சொல்லிட்டாங்க. மே மாசத்தோட நாட்டில சண்டை முடிஞ்சுதாம்! அவங்கட கண்ணாடிக்கு ஏத்த உயரத்திலதான் இன்னும் கார் நிக்கணும்.

காக்கா கராஜடியில காரை விட்டுட்டு, "தம்பி, பழைய ஸ்பிரிங்கையே போட்டுருங்க" எண்டார்.

நாளைக்குக் கழட்டணும். முப்பத்தொரு வயசாகுது எனக்கு. அந்தப் பதுளை மலை வளைவில ஒண்டைக்கூட நான் இன்னும் கண்ணால கண்டதில்ல.