ஈயம் வைக்காத அங்கி

ஜூன் 2, செவ்வாய்

சீருடை இன்னும் முப்பது பாக்கி. மெஷின் பெல்ட் மறுபடியும் நழுவுகிறது. மத்தியானம் போதகர் கடைக்கே வந்துவிட்டார். பதினாலாம் தேதி ஞானஸ்நானம், நாலு பேருக்கு அங்கி வேண்டுமாம். பதினேழு வருஷமாக சபைக்கு நான்தான் தைக்கிறேன். இதைச் சொல்ல ஒரு போன் போதும். நேரில் வந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நாலாவது ஆள் யாரென்று கேட்டேன். ஊசி டப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்த வேன் டிரைவர்தான்க்கா. போன மாசம் வெளியே வந்துட்டார்."

அந்த வேன். குடித்துவிட்டு ஓட்டி, ஓரமாக நடந்து போன என் மகனை அடித்த வேன். இருபத்திரண்டு வயசுப் பிள்ளை. ஐந்து வருஷமாகிறது.

வெள்ளிக்கிழமைதோறும் போதகர் சிறைக்குப் போய் சுவிசேஷம் சொல்கிறார் என்று நானும்தான் கைதட்டியிருக்கிறேன். யாருக்குச் சொல்கிறார் என்று கேட்டதில்லை.

"வேற சபையே கிடைக்கலையாய்யா அவனுக்கு?"

"அவரும் அதைத்தான் சொன்னார். நான்தான் விடலை."

அதைச் சொல்லும்போது அந்த முகத்தில் எவ்வளவு பெருமை!

ஜூன் 3, புதன்

சாப்பாடு இறங்கவில்லை. வேலையும் ஓடவில்லை.

ஜூன் 4, வியாழன்

லூக்காவில் இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனின் பகுதியைப் படித்தேன். சாகிற நேரத்தில் ஒரு வார்த்தை கேட்டான், அன்றைக்கே பரதீசு. சரி. அவன் யாரைக் கொன்றான், யார் வீட்டில் புகுந்தான், ஒன்றும் எழுதவில்லை. செத்தவனுக்கு ஒரு தாய் இருந்திருப்பாளே. கூட்டத்தில் எங்காவது நின்று அவளும் அதைக் கேட்டிருந்தால்? இவ்வளவு நாள் இந்த வசனத்தைப் படித்து நான் கண்ணீர் விட்டிருக்கிறேன். கள்ளன் பக்கத்தில் நின்று அழுதிருக்கிறேன், முட்டாள்!

படுக்கையில் கிடந்த திமிர்வாதக்காரனிடம் இயேசு, உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்கிறார். பாவத்தை மன்னிக்க இவர் யார் என்று வேதபாரகர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதானே? எனக்குச் செய்ததை என்னைக் கேட்காமல் ஒருவர் எப்படி மன்னிக்க முடியும்?

இப்படி எழுதுவது பாவமா? இருக்கட்டும்.

ஜூன் 7, ஞாயிறு

பிரசங்கம் காணாமற்போன ஆடு. வேண்டுமென்றே எடுத்திருக்கிறார். அந்த ஒன்றைத் தேடி மேய்ப்பன் போனபோது மற்றத் தொண்ணூற்றொன்பதையும் வனாந்தரத்திலே விட்டுவிட்டுத்தான் போனான். அந்தத் தொண்ணூற்றொன்பதில் ஒன்று செத்துக் கிடந்தால் அதைப் பற்றி யாருக்குக் கவலை?

அவன் கடைசி பெஞ்சில் இருந்தான். ஆராதனை முடிந்ததும் என் வீட்டுக்காரர் நேராகப் போய் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் வாசலில் செருப்பை மாட்டியபடி பார்த்தேன். வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"எப்படிங்க மனசு வந்துச்சு உங்களுக்கு?"

"வரலை. கைதான் நீண்டுச்சு."

பெரிய ஞானி. அவருக்குச் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு நான் பின்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஜூன் 9, செவ்வாய்

நாலு பேரும் அளவு கொடுக்க வந்தார்கள். அவனைக் கடைசியில் நிறுத்தினேன். ஆள் இளைத்திருக்கிறான். கையைத் தூக்கு என்றேன், தூக்கினான். திரும்பு என்றேன், திரும்பினான். கழுத்தைச் சுற்றி டேப்பைப் போட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். கழுத்து பதினாறு. தோள் பதினெட்டரை. அங்கி நீளம் ஐம்பத்தெட்டு.

போகும்போது, "வரேம்மா" என்றான்.

அம்மாவாம்! என்னை அப்படிக் கூப்பிட ஒருத்தன் இருந்தான்டா. தின்னு ஏப்பம் விட்டுட்டு இப்ப வந்து நீ கூப்பிடுறியா? வாயில் வந்தது, சொல்லவில்லை. கதவைச் சாத்தினேன். டேப்பை சோப்புப் போட்டுக் கழுவினேன். துணி டேப், எழுத்தெல்லாம் மங்கிப் போச்சு. புதுசு வாங்க வேண்டும்.

ஜூன் 12, வெள்ளி

அங்கிகள் முடிந்தன. நான்கில் மூன்று சரியாக.

வெள்ளைத் துணி தண்ணீரில் இறங்கினால் காற்றை வாங்கிக்கொண்டு மேலே எழும்பும். முதல் வருஷம் ஒரு பெண்ணுக்கு அப்படி ஆகி, அவள் ஞானஸ்நானம் எடுக்கிற தொட்டிக்குள்ளேயே அழுதாள். அதற்குப் பிறகு கீழ் மடிப்புக்குள் எட்டு ஈயக்குண்டு வைத்துத் தைக்கிறேன், மீன்வலைக்குக் கட்டுகிற சின்னக் குண்டுகள். அங்கி கால் வரை நேராகத் தொங்கும். இது என் கண்டுபிடிப்பு. இதற்காகப் போதகர் என்னை ஒரு தடவை மேடையிலேயே பாராட்டியிருக்கிறார்.

அவன் அங்கியில் வைக்கவில்லை. மறதி இல்லை. எட்டுக் குண்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன், பார்த்தேன், திரும்ப டப்பாவில் போட்டேன். மடிப்பைத் தைத்து இஸ்திரி போட்டேன்.

அவன் பாவத்தைத் தேவன் கழுவட்டும். நான் தடுக்க முடியாது. ஆனால் எல்லாருக்கும் முன்னால் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவன் கூனிக் குறுக வேண்டும்.

ஜூன் 13, சனி

இன்னும் நேரம் இருக்கிறது. பிரித்து வைக்கப் பத்து நிமிஷம் போதும். வைக்க மாட்டேன்.

ஜூன் 14, ஞாயிறு

நான் நினைத்ததைவிட மோசமாக நடந்தது.

தொட்டியின் மூன்றாம் படியிலேயே அங்கி குடை மாதிரி விரிந்து மார்பு வரை வந்துவிட்டது. உள்ளே அரைக்கால் சட்டை, மெலிந்த தொடை, முழங்காலில் பழைய தழும்பு. இளசுகள் சிரித்தார்கள். இரண்டு கையாலும் அமுக்கினான், ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்பியது. மார்பில் கையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார் போதகர். கையை எடுத்தால் மானம் போகும். எடுத்தான். கண்ணை மூடிக்கொண்டு கட்டிக்கொண்டான். அப்படியே முழுக்கினார்கள்.

எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், இனித்தது. அவன் எழுந்து முகத்தைத் துடைக்கும் வரைக்கும்.

பின்னறையில் நான் துண்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். போதகர் கடுப்பாக வந்தார். பக்கத்தில் நின்ற பெண்ணின் அங்கி ஓரத்தைத் தூக்கிக் காட்டி, "இதுல ஈயம் இருக்கு. இவரோடதுல ஏன் இல்லை?" என்று என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த துண்டை மடித்தேன். அவன் ஈயத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். புரிந்துகொண்டான், நான் கண்ணால் கண்டேன்.

"நான்தான்யா. கால்ல இடிக்குதுன்னு பிரிச்சு எடுத்துட்டேன்."

மடிப்பில் ஒரு நூல்கூடப் பிரிந்திருக்கவில்லை. போதகர் குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. "அக்கா பாடுபட்டுத் தைச்சதை இப்படியா பண்ணுவீங்க?" என்று அவனைத் திட்டினார். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

ஜூன் 15, திங்கள்

யார் கேட்டது? உன் தயவை யார் கேட்டது? தண்ணியை விட்டு ஏறிக் கால் மணி நேரம் ஆகலை, அதுக்குள்ள பொய். அதுவும் எனக்காக. என்னைக் காப்பாத்துறாராம்! என் பிள்ளையை அன்னிக்கு பிரேக் போட்டுக் காப்பாத்தி இருக்கலாமே!

கிருபை என்று நாற்பது வருஷமாகப் பாடியிருக்கிறேன். தகுதியில்லாதவர்களுக்குக் கிடைப்பது என்று ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். அந்தத் தகுதியில்லாத ஆள் எப்போதும் வேறு யாரோதான். அதை வாங்குகிற இடத்தில் நின்றால் இவ்வளவு அவமானமாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஜூன் 18, வியாழன்

இரவு சாப்பாட்டில் வீட்டுக்காரர் சொன்னார்: "நூல் எடுக்க டப்பாவைத் திறந்தேன். எட்டு குண்டு தனியா கிடக்கு." அவ்வளவுதான். பிறகு குழம்பு கேட்டார்.

ஜூன் 21, ஞாயிறு

திருவிருந்துக்கு அவனை அழைக்கவில்லை. அங்கியில் விளையாடியவன், ஒரு மாசம் பொறுக்கட்டும் என்று மூப்பர்கள் முடிவு செய்தார்களாம். "ஜெயில் புத்தி லேசுல போகுமா?" என்றாள் எனக்குப் பக்கத்தில் இருந்தவள். நான் தலையாட்டினேன். என்னையறியாமல் ஆட்டிவிட்டேன். அப்பம் வந்தது, எடுத்தேன், தின்றேன். அவன் கடைசி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.



ஜூன் 24, புதன்

மத்தேயுவில், சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று பலிபீடத்தண்டையில் நினைவுகூர்ந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்று இருக்கிறது. என்மேல் குறை உள்ளவர்கள் என்று இந்த இடத்தில் எப்போதும் மாமியாரையும் நாத்தனாரையும்தான் எண்ணிப் பார்ப்பேன். இவனுக்கு என்மேல் குறை! என் பிள்ளையைக் கொன்றவனுக்கு, என்மேல். ஆண்டவரே, இது அநியாயம். நீர் செய்கிறது அநியாயம்.

ஆனால் உண்டு. அவனுக்கு என்மேல் குறை உண்டு.

ஜூன் 28, ஞாயிறு

சாட்சி நேரத்தில் எழுந்தேன். ஏதோ ஆசீர்வாதம் சொல்லப்போகிறேன் என்று முன்வரிசைக்காரர்கள் சிரித்த முகமாகத் திரும்பினார்கள்.

"அந்த அங்கியில ஈயம் வைக்காதது நான். வேணும்னே வைக்கலை. அவர் பிரிக்கலை. எனக்காகப் பழியை ஏத்துக்கிட்டார்."

உட்கார்ந்துவிட்டேன். போதகர் புத்தகத்தைப் புரட்டினார். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார், நான் உதறவில்லை.

வெளியே மரத்தடியில் அவன் நின்றான். போனேன்.

"என்னை மன்னிச்சிடு" என்றேன். என் பிள்ளையைக் கொன்றவனிடம். இந்தக் கதி யாருக்கும் வரக் கூடாது.

அவன் பதறிவிட்டான். "ஐயோ, வேண்டாம்மா. மன்னிச்சேன்கிற வார்த்தையை நான் சொல்லக் கூடாது. எனக்கு அந்த யோக்கியதை இல்லை."

"எனக்கும் இல்லை. நான் இன்னும் உன்னை மன்னிக்கலை, அதையும் தெரிஞ்சுக்க."

"தெரியும்மா."

திரும்பிப் போக முடியவில்லை. கிட்டே நின்றதில் அவன் சட்டைக் காலர் நைந்து நார் நாராகத் தொங்குவது கண்ணில் பட்டது. வேறு சட்டை இல்லை போலிருக்கிறது, மூன்று வாரமாக இதேதான்.

"நாளைக்குக் கடைக்குக் கொண்டு வா. காலரைப் பிரிச்சுத் திருப்பித் தைச்சா இன்னும் ரெண்டு வருஷம் போடலாம்."

பத்து மணிக்கு மேல் வரச் சொல்லியிருக்கிறேன்.