சூடாக அளந்தால்

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதுவது.

இங்கே உடம்புக்கு ஒருவருக்கும் குறைவில்லை. உனக்கும் அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நீ பேச்சை மாற்றிவிடுவாய், நானும் போனால் போகிறது என்று விட்டுவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதற்காகத்தான்.

போன கார் பந்தயத்திலும் உங்கள் அணிதான் முதலிடம். இந்த வருஷம் வேறு யாருக்கும் நீங்கள் வழியே விடவில்லை. முன்பெல்லாம் நான் பள்ளிக்கூட வேனை எடுக்கும்போது தெருவில் நாலு பேர் நிறுத்திக் கை கொடுப்பார்கள், என்னவோ நானே என்ஜினைப் பூட்டியது போல. இப்போதும் கொடுக்கிறார்கள், ஆனால் சிரிக்கிற சிரிப்பு வேறு. வேனில் முன் சீட்டுக்குச் சண்டை போடுகிற ஒரு வாயாடி, உங்க தம்பி டீம் அழுகுணி ஆட்டம் ஆடுதாமே ஆன்ட்டி, எங்கப்பா சொன்னாரு என்றாள். முதலில் உங்கப்பாவை அவர் வண்டி டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லு என்றேன். வேனே சிரித்தது. எனக்குத்தான் அன்று முழுக்க மனசு சரியில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அது கிடக்கட்டும். நான் எழுத வந்தது உன் மாமாவைப் பற்றி.

உங்களோடு மோதுகிற அவர் அணியின் பட்டறையில் எல்லோருக்கும் ஒரே பேச்சு. என்ஜினுக்குள் போகிற காற்றைக் கட்டுப்படுத்தும் வளையம் எல்லா அணிக்கும் ஒரே அளவுதான் என்பது விதி. அந்த வளையத்தின் துளையைப் பந்தயம் முடிந்து என்ஜின் ஆறிய பிறகுதான் அதிகாரிகள் அளக்கிறார்கள். ஆறினால் சரியாக இருந்து, சூட்டில் மட்டும் அளவுக்கு மேல் விரிந்து, கூடுதல் காற்றும் வேகமும் கிடைக்கிற மாதிரி நீங்கள் ஏதோ செய்திருக்கிறீர்கள் என்கிறார்கள். உனக்குத் தெரியாததையா நான் சொல்லிவிடப் போகிறேன். உங்கள் அணியில் அந்த வளையத்தைப் பொருத்துவது நீதான் என்பதால் பேச்சு கடைசியில் உன்னிடம்தான் வந்து நிற்கிறது.

உன் மாமா ஒருவர்தான் நம்ப மறுக்கிறார். தோற்கிற அணிக்கு என்ஜின் பொறுப்பாளராக இருப்பது லேசுப்பட்ட விஷயம் இல்லை. ஒவ்வொரு தோல்விக்கும் பிறகு என்ஜினை அக்கக்காகப் பிரித்துப் போட்டு, தன் வேலையில்தான் கோளாறு என்று தேடுகிறார். எனக்குக் காது போயிடுச்சு, முன்ன மாதிரி சத்தத்த வச்சு எதையும் கண்டுபிடிக்க முடியல என்று போன வாரம் சொன்னார். அவர் தன்னைப் பற்றி அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எழுந்து போய்க் குளியலறையில் அழுதேன்.

இப்போது முதலாளி உங்கள் அணிமேல் புகார் கொடுக்கத் துடிக்கிறார். என்ஜின் பொறுப்பாளர் கையெழுத்து இல்லாமல் போட்டிக் குழு புகாரை வாங்காதாம். மாமா போட மாட்டேன் என்றுவிட்டார். அதோடு நின்றாரா என்றால் இல்லை. திங்கட்கிழமை குழு கூடும்போது, அவன் என் மச்சான், என் வீட்ல சாப்பிட்டு என்கூட வேலை பார்த்தவன், அவன் தப்பு பண்ண மாட்டான், அதுக்கு நான் பொறுப்பு என்று எல்லார் முன்னாலும் சொல்லப் போகிறாராம். உனக்கு டீம் பெருசா, பொண்டாட்டி தம்பி பெருசா என்று முதலாளி கேட்டுவிட்டார். வேலை போனால் போகட்டும், என் சம்பளத்தில் எப்படியாவது ஓட்டிவிடலாம். ஆனால் நாளைக்கு வேறு மாதிரி ஏதாவது தெரியவந்தால், இரண்டு பேரும் கூட்டு என்றுதான் சொல்வார்கள். அப்புறம் எந்தப் பட்டறை அவரை உள்ளே விடும்? வீட்டில் சும்மா உட்கார அவருக்குத் தெரியாது தம்பி.

போன மாதம் நீ வந்திருந்தாயே, அன்றைக்குச் சாப்பிடும்போது மாமா ஒன்று சொன்னார். வண்டி உள்ளே வந்ததும் சூட்டோடு சூடாக அளக்கச் சொல்லிக் குழுவிடம் கேட்டிருப்பதாகவும், அப்படி அளந்துவிட்டால் உன்னைப் பற்றி ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான் என்றும் சொன்னார். உன் நல்லதுக்குத்தான் சொன்னார். நீ பாதியில் எழுந்து கை கழுவப் போனாய். குழாய் ரொம்ப நேரம் ஓடியது. திரும்பி வந்து என்னிடம் பேசினாய், அவர் பக்கம் திரும்பவே இல்லை.

நீ போன பிறகு அவர் தன்னையே திட்டிக்கொண்டார். சந்தேகப்பட்டுக் கேட்ட மாதிரி ஆயிடுச்சே, பாவம், அவன் மனசு நொந்து போயிட்டான் என்றார். அந்த வருத்தத்தில்தான் இப்போது உனக்காகப் பேசக் கிளம்பியிருக்கிறார். நீ எழுந்து போன விதம் எனக்கு மனசு நொந்தவன் போனதாகத் தெரியவில்லை. உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். ஆனால் அவரிடம் இதைச் சொல்லவில்லை. நான் நினைப்பது தப்பாக இருக்க வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன்.

தப்பு என்றால் உடனே போன் செய்து என்னை நன்றாகத் திட்டு. வாங்கிக்கொள்கிறேன். தப்பில்லை என்றால் என்னிடம் எதுவும் சொல்ல வேண்டாம். திங்கட்கிழமைக்கு முன்னால் அவரைக் கூப்பிட்டு, எனக்காகப் பேசாதீங்க மாமா என்று மட்டும் சொல்லிவிடு. காரணம் கேட்க மாட்டார். அன்றைக்கு அவருக்குத் தூக்கம் வராது, ஆனால் தன் காது சரியாகத்தான் இருக்கிறது என்று தெரிந்துகொள்வார். அதன் பிறகும் இந்த வீடு உனக்கு வீடுதான். அதில் எந்த மாற்றமும் இல்லை.

ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்னாலும் நீ ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். நீ ஜெயித்தால் அவர் தோற்பார் என்று தெரிந்தும் அப்படித்தான் வேண்டினேன், அவருக்கும் அது தெரியும். இந்த வாரம் அப்படி வேண்ட எனக்கு வாய் வரவில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும், அது போதும்.

என்றைக்கும் உன்,
அக்கா