பட்டறைக்கு வாங்கிய கையுறை

12-6-67, திங்கள்

பழனியின் விரல்களில் மறுபடியும் கொப்புளம். பட்டு நூலில் சாயம் பிடிக்கக் கொதிநீர்த் தொட்டியில் ஆசிட் சேர்க்கிறோம். அவன் வெறுங்கையால்தான் அதில் வேலை செய்கிறான். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்த நாளிலிருந்தே இப்படித்தான். இப்போது பட்டறை என் பொறுப்பு. கையுறை வாங்கப் போகிறேன். கொழுந்தன் பத்மராஜ் தான் வாங்கி வருவதாகச் சொல்கிறார். வேண்டாம். அவர் கைக்குப் போனது எது முழுசாகத் திரும்பியிருக்கிறது?

14-6-67

மெட்ராஸ் போய் வந்தேன். கடைக்காரர் முதலில் தோல் கையுறையை எடுத்துப் போட்டார். நாங்கள் ஜைனர், தொடக்கூட இல்லை. போதாததற்கு, பெருமாள் வஸ்திரத்துக்கும் நூல் போகிற பட்டறை இது. பிறகு ரப்பரில், முழங்கை தாண்டும் நீளத்தில் ஒன்றைக் காட்டி, "சாய வேலைக்கு இதுதாம்மா சரிப்படும்" என்றார். விற்காததை என் தலையில் கட்டப் பார்க்கிறாரா? தொட்டியில் முங்குவது விரல்தானே! மணிக்கட்டோடு நிற்பதையே வாங்கினேன். ஏமாறாமல் வந்ததில் ஒரு திருப்தி.

16-6-67

பழனிக்கும் அவன் மனைவி ஏலவார்குழலிக்கும் ஆளுக்கொரு ஜோடி கொடுத்தேன். போடாவிட்டால் வேலை இல்லை என்று கறாராகச் சொன்னேன். பழனி, "சரிம்மா" என்றான். உடனே சரி சொல்கிறவர்களை எனக்கு நம்பத் தோன்றுவதில்லை.

22-6-67

இன்று சத்தமில்லாமல் பட்டறைக்குள் போனேன். பழனி வெறுங்கையோடு நிற்கிறான்! என்னைப் பார்த்ததும் இடுப்பில் செருகியிருந்ததை எடுத்து மாட்டிக்கொண்டான். எனக்குப் பயந்துதான் போடுகிறான். ஏன்? புதுசாக வைத்திருந்து என்ன செய்யப் போகிறான்?

24-6-67

வாலாஜாபாத் சந்தையில் ரப்பர் கையுறை விற்கிறார்களாம். பத்மராஜ் சொன்னார். இவர் எதற்கு இதை எனக்குச் சொல்கிறார் என்பது வேறு விஷயம்.

27-6-67

கொல்லையில் கொடியில் நான்கு கையுறைகளும் உள்பக்கம் வெளியே தெரியத் தொங்குகின்றன. கழுவித் துடைத்து, அப்படியே சந்தைக்கா? எனக்கு வந்ததே கோபம். "வித்துட்டு வந்து தொலைஞ்சு போச்சுன்னு சொல்லுவியா?" என்று கேட்டேன். ஏலவார்குழலிதான், "உள்ள தண்ணி பூந்துக்கினு கையெல்லாம் வேவுதும்மா. அதான் காயப் போட்டுக்கீறோம்" என்றாள். ரப்பருக்குள் எப்படியடி தண்ணீர் போகும்? நாளையிலிருந்து வர வேண்டாம் என்று இருவரையும் அனுப்பிவிட்டேன்.

29-6-67

கல்யாணப் புடவைக்கான அரக்கு நூலை இன்று கொடுத்தாக வேண்டும். ஆள் இல்லை. நானே கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

நிறம் சீராக ஏறியதா என்று நூல் சிட்டத்தைத் தலைக்கு மேல் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பது எங்கள் பட்டறை வழக்கம். தூக்கினேன். சாயத் தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. கையை இறக்கினேன் — அவ்வளவும் திரும்பிக் கையுறைக்குள் இறங்கிவிட்டது. ஐயோ, என்ன எரிச்சல்! இழுத்தால் கழலவும் இல்லை. உள்ளே கை வேகிறது.

வெறுங்கையென்றால் உதறிக் கழுவியிருக்கலாமே. இதைப் போட்டுக்கொண்டா அவன் இத்தனை நாள் வேலை செய்தான்? வெட்கமாக இருக்கிறது. அந்தப் பெண் சொல்லத்தானே செய்தாள்.

1-7-67

மறுபடி மெட்ராஸ். நீளமானதையே வாங்கினேன். மேல் விளிம்பை வெளிப்பக்கமாக மடித்துவிட்டால் வழிகிற தண்ணீர் அதில் தங்கும் என்றார் கடைக்காரர். தலையாட்டினேன். ஆனாலும் ஓட்டை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்துத்தான் எடுத்தேன்.

3-7-67

பழனி வீட்டுக்குப் போய், "தப்பு என் மேலதான்பா, வேலைக்கு வா" என்றேன். பட்டறை வரைக்கும் வந்தான். இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தது. புதுக் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தொடவில்லை.

"நீங்க போட்டுக்கினு ஒரு சிட்டம் தூக்கிக் காட்டுங்கம்மா."

விளிம்பை மடித்து மாட்டிக்கொண்டேன். தூக்கினேன், இறக்கினேன். வலது கையுறையைக் கழற்றி நீட்டினேன். ஏலவார்குழலி அதற்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்து, "காஞ்சுதான் இருக்குது" என்றாள்.

பழனி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இடது கையுறையையும் கழற்றச் சொன்னான். கழற்றிக் கொடுத்தேன்.