எரிந்துகொண்டே வந்த விளக்கு

2008 மே, ஞாயிறு இரவு.

விளாங்குடியில் ஒரு டயர் கடையில் என் மகன் தன் வெளிநாட்டுக் காருக்கு நான்கு சக்கரங்களையும் மாற்றினான். கிளம்பியதுமே, டயரில் காற்றுக் குறைவு என்று மஞ்சள் விளக்கு எரிந்தது. திரும்பிப் போய்க் கேட்டோம்.

"காத்தை அளக்குற சென்சாரு பழைய வீல்லயே இருந்துபோச்சுண்ணே, அதான் லைட்டு எரியுது. நாளைக்கு வாங்க, மாத்தித் தாரேன். காத்து சரியாத்தான் இருக்கு, தைரியமாப் போங்க" என்றார் கடைக்காரர்.

மகனுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனையூர் வருவதற்குள் வண்டியை நிறுத்தி இறங்கினான். ஒவ்வொரு டயரையும் காலால் தட்டிப் பார்த்தபடி காரைச் சுற்றி வந்தான். அப்படியே அவன் அப்பா. அவர் இருந்தவரை, எங்கே கிளம்பினாலும் எங்கள் பழைய அம்பாசடரை இப்படித்தான் சுற்றி வருவார். எனக்கு எப்போதும் அவசரம். மூன்றாவது டயருக்குப் போவதற்குள் எட்டி ஹாரனை அமுக்கிவிடுவேன். "இரு புள்ள, இன்னும் ரெண்டுதான்" என்பார்.

இன்று கை ஹாரன் வரை போய்த் திரும்பியது. நாலாவதையும் தட்டிவிட்டு மகன் ஏறினான்.

"நல்லாத்தாம்மா இருக்கு. போவமா?"

"எதுக்கும் இன்னொரு தடவை பாத்துட்டு வாயேன்" என்றேன்.

"பயமா இருக்கா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.